உதவித்தொகைக்கு வரி கட்டுவது யார்?

ஓர் அரசு கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவித்ததும் சண்டை கிளம்பிவிடுகிறது. "என் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகவில்லை. அடுத்தவர் பிள்ளை படிக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாமா?" என்று மறுபக்கம். இரண்டும் நேர்மையான கேள்விகள்தான். ஆனால் இரண்டுமே கணக்கில் பாதியை விட்டுவிடுகின்றன. அந்தப் பணம் எந்த வரியிலிருந்து வந்தது என்று முதல் பக்கம் பார்ப்பதில்லை. அது கடைசியில் எந்த வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று மறுபக்கம் பார்ப்பதில்லை. வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், ஒரே உதவித்தொகைத் திட்டம் ஓரிடத்தில் ஏழைக்கு உதவுவதும் இன்னோரிடத்தில் ஏழையிடமிருந்து எடுப்பதும் தெரியும்.

முதலில் சில சொற்கள்

உதவித்தொகையில் மூன்று வகை உண்டு.

1. தேவை பார்த்துத் தருவது. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் கிடைக்கும். அமெரிக்காவில் 1972-இல் உருவாகி, இன்று பெல் உதவித்தொகை என்று அழைக்கப்படும் திட்டம் இந்த வகை.

2. தகுதி பார்த்துத் தருவது. மதிப்பெண் இருந்தால் போதும், வருமானம் கேட்க மாட்டார்கள்.

3. எல்லோருக்கும் தருவது. கட்டணமே வாங்காமல் விடுவதும் ஒருவகை உதவித்தொகைதான். ஜெர்மனியில் சில மாநிலங்கள் நடுவில் கட்டணம் வாங்கிப் பார்த்தன. கடைசியாக லோயர் சாக்சனி மாநிலம் 2014-இல் அதைக் கைவிட்டது.

வரியிலும் மூன்று வகை. வருமானம் ஏற ஏற வரிவிகிதமும் ஏறினால் அது வளர்வீத வரி. எல்லோரும் வருமானத்தில் ஒரே சதவீதம் கட்டினால் விகித வரி. ஏழையின் வருமானத்தில் பெரிய பங்கையும் பணக்காரர் வருமானத்தில் சிறிய பங்கையும் எடுத்தால் தேய்வீத வரி. தேய்வீத வரி என்று பெயர் வைத்து எந்த அரசும் வசூலிக்காது. ஆனால் கையில் வருவதை எல்லாம் செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு, பொருள்கள் மீதான வரி அப்படித்தான் அமைகிறது. சேமிக்க முடிந்த குடும்பம் அந்தச் சேமிப்பின் மீது அந்த வரியைக் கட்டுவதில்லை.

நியாயமான வரி எது என்பதற்கு இரண்டு பழைய அளவுகோல்கள் இருக்கின்றன. பயன் பெறுபவர் கட்டட்டும் என்பது ஒன்று. சக்திக்கு ஏற்பக் கட்டட்டும் என்பது இன்னொன்று. "நான் ஏன் கட்ட வேண்டும்" என்பவர் முதல் அளவுகோலைப் பிடித்துக்கொள்கிறார், படிப்பு நிற்கக் கூடாது என்பவர் இரண்டாவதை.

அரசு ஏன் இதில் வர வேண்டும்?

1. வீடு வாங்கக் கடன் கேட்டால் வங்கி வீட்டையே அடமானமாக எடுத்துக்கொள்ளும். படிப்பை அப்படி அடமானம் வைக்க முடியாது. கடன் திரும்பாவிட்டால் ஒருவரின் மூளையில் இருப்பதை வங்கி ஏலம் விட முடியுமா? அதனால் சொத்தோ ஜாமீனோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சந்தையில் கடன் கிடைப்பது கடினம். சந்தையின் பக்கம் நின்று வாதாடிய பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனே 1955-இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

2. படிப்பின் பலன் படித்தவரோடு நின்றுவிடுவதில்லை. ஊருக்கு ஒரு மருத்துவரும் ஆசிரியரும் கிடைக்கிறார்கள். அதிகம் சம்பாதிக்கும் பட்டதாரி, வேலை செய்யும் காலம் முழுக்க அதிக வரி கட்டுகிறார். கொடுத்த தொகையில் ஒரு பகுதி இப்படி அரசுக்கே திரும்புகிறது.

3. எந்த வீட்டில் பிறக்கிறோம் என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் வலுவான காரணம்.

இரண்டாவது காரணத்துக்கு ஓர் எல்லை இருப்பதையும் சொல்ல வேண்டும். படிப்பின் பலனில் பெரும்பகுதி கூடுதல் சம்பளமாகப் பட்டதாரியின் கையிலேயே தங்குகிறது. அதனால் "சமூகத்துக்கு நல்லது" என்ற ஒரே வாதத்தை வைத்து முழுச் செலவையும் பொதுப் பணத்தில் ஏற்றிவிட முடியாது.

கலிபோர்னியாவில் தொடங்கிய வாதம்

இந்தச் சண்டையை எண்களோடு முதலில் பெரிதாக நடத்தியவர்கள் அமெரிக்கப் பொருளியலாளர்கள். 1969-இல் ஹான்சன், வைஸ்பிராட் என்ற இருவர் கலிபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளை ஆராய்ந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களின் சராசரி வருமானம் எல்லோரையும் விட மேலே இருந்தது. அடுத்து மாநிலக் கல்லூரிக் குடும்பங்கள், அதற்குக் கீழே ஈராண்டுக் கல்லூரிக் குடும்பங்கள். பொதுக் கல்லூரி எதற்கும் பிள்ளையை அனுப்பாதவர்கள் கடைசியில். ஒரு மாணவருக்கு அரசு செலவிட்ட தொகையும் இதே வரிசையில் இறங்கியது. ஏழையின் வரியில் வசதியானவர் படிக்கிறார் என்ற வாதத்துக்கு இது பெரிய ஆதாரமாகிவிட்டது.

அடுத்த ஆண்டே ஜோசப் பெக்மன் என்ற வரி நிபுணர் மறுத்தார். குடும்பங்களைக் கல்லூரி வாரியாக அடுக்கியதுதான் தவறு, வருமான வாரியாக அடுக்கி ஒவ்வொரு வருமானப் பிரிவும் பெற்றது எவ்வளவு, வரியாகக் கட்டியது எவ்வளவு என்று பாருங்கள் என்றார். அப்படிப் பார்த்தபோது பணம் மேலிருந்து கீழே போவதாகத் தெரிந்தது.

ஒரே விவரங்களிலிருந்து எதிரெதிர் முடிவுகள் எப்படி வரும்? பத்துக் குடும்பங்களை வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

ஐந்து ஏழைக் குடும்பங்கள், ஒவ்வொன்றின் வருமானமும் 100. மூன்று நடுத்தரக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் 300. இரண்டு பணக்காரக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் 1000. மொத்த வருமானம் 3400. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஐந்து பேர்: ஏழைகளில் ஒருவர், நடுத்தரத்தில் இருவர், பணக்காரர்களில் இருவர். ஒவ்வொருவருக்கும் உதவித்தொகை 34. மொத்தச் செலவு 170.

1. எல்லோரிடமும் வருமானத்தில் 5 சதவீதம் வசூலித்தால்: ஏழைகள் சேர்ந்து 25 கட்டி 34 பெறுகிறார்கள், லாபம் 9. நடுத்தரம் 45 கட்டி 68 பெறுகிறது, லாபம் 23. பணக்காரர்கள் 100 கட்டி 68 பெறுகிறார்கள், 32 குறைகிறது.

2. அதே 170-ஐக் குடும்பத்துக்கு 17 என்று சமமாக வசூலித்தால்: ஏழைகள் 85 கட்டி 34 பெறுகிறார்கள், இழப்பு 51. நடுத்தரம் 51 கட்டி 68 பெறுகிறது, லாபம் 17. பணக்காரர்கள் 34 கட்டி 68 பெறுகிறார்கள், லாபம் 34.

3. பணக்கார மாணவர்களை விட்டுவிட்டு மூவருக்கு மட்டும் தந்தால் செலவு 102, வரி 3 சதவீதம் போதும். ஏழைகள் 15 கட்டி 34 பெறுகிறார்கள், லாபம் 19. நடுத்தரத்தின் லாபம் 41. பணக்காரர்கள் கட்டுவது 60.

முதல் இரண்டிலும் உதவித்தொகை ஒன்றுதான், பெறும் மாணவர்களும் அதே ஐந்து பேர். வசூலிக்கும் முறை மாறியதும் ஏழைகளின் லாபம் இழப்பாகிவிட்டது. உதவித்தொகையின் நியாயத்தை வரியைப் பிரித்து வைத்துவிட்டுப் பேச முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஹான்சனும் வைஸ்பிராடும் சொன்னதில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சுகிறது. முதல் கணக்கில் ஏழைகள் ஒரு பிரிவாக லாபம் பெற்றாலும், அந்த 34 போனது ஒரே ஒரு வீட்டுக்கு. மற்ற நான்கு ஏழைக் குடும்பங்கள் தலைக்கு 5 கட்டிவிட்டு எதையும் பெறவில்லை. சராசரி எண் அந்த நான்கு வீட்டையும் மறைத்துவிடுகிறது. அவர்களிடம் கடைசியில் திரும்பி வர வேண்டும்.

லாட்டரியும் கோடீஸ்வரர் வரியும்

கற்பனைக் கணக்கின் இரண்டாவது முறையைப் போல அப்பட்டமாகத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பது அரிது. ஆனால் அதை நெருங்கி வந்த திட்டம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1992 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி லாட்டரியை அனுமதித்தது. அந்த வரவில் 1993-இல் ஹோப் உதவித்தொகை தொடங்கியது. பள்ளியில் 'பி' தரச் சராசரி எடுத்தவர்களுக்கு மாநிலக் கல்லூரிக் கட்டணம் இலவசம். தொடங்கும்போது குடும்ப வருமான வரம்பு 66,000 டாலர். அடுத்த ஆண்டு அது 1,00,000 டாலர் ஆயிற்று. 1995-இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு விதி. தொடக்க ஆண்டுகளில், மத்திய அரசின் பெல் உதவித்தொகை பெறும் ஏழை மாணவருக்கு அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஹோப் தந்தார்கள். வசதியான வீட்டு மாணவருக்குப் பெல் கிடையாது, அதனால் அவர் ஹோப் தொகையை முழுதாகப் பெற்றார். லாட்டரிச் சீட்டுக்கு வருமானத்தில் பெரிய பங்கைச் செலவிடுபவர்கள் வருமானம் குறைந்தவர்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிய வந்த விஷயம். வசூல் ஒரு திசையிலிருந்து வந்தது, விநியோகம் இன்னொரு திசைக்குப் போனது.

"லாட்டரிச் சீட்டு வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே" என்று பதில் வரும். வாங்குவது விருப்பம்தான். ஆனால் விற்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு, விளம்பரம் செய்வதும் அரசு, விலையில் ஒரு பங்கைப் பரிசுக்குப் போகாமல் எடுத்துக்கொள்வதும் அரசு. அந்தப் பங்குக்கு வரி என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான். ஹோப் திட்டத்தால் பல மாணவர்கள் சொந்த மாநிலத்திலேயே தங்கிப் படித்தார்கள் என்பது உண்மை, அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. புளோரிடா, டென்னசி உள்ளிட்ட மாநிலங்களும் லாட்டரிப் பணத்தில் இதே போன்ற திட்டங்களைத் தொடங்கின.

அதே நாட்டில் மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. 2022 நவம்பரில் வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்தின் மீது 4 சதவீதம் கூடுதல் வரி, அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்பது அதன் சாரம். 2023-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகையை விரிவாக்கவும், 2024 முதல் ஈராண்டுக் கல்லூரிகளில் மாநிலத்தவர் இலவசமாகப் படிக்கவும் அந்தப் பணம் உதவியது. முதல் ஆண்டு வசூல் எதிர்பார்த்ததைத் தாண்டியது. இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. பெரும் பணக்காரர்களின் வருமானம் பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும், அதனால் இந்த வரவும் ஏறி இறங்கும். படிப்போ நான்கு ஆண்டு நீளம். நல்ல ஆண்டில் மிஞ்சுவதை ஒதுக்கி வைத்தால்தான் மோசமான ஆண்டில் மாணவர் நடுவழியில் நிற்க மாட்டார்.

சிலி நாட்டில் வரியும் உதவியும் ஒரே பேச்சில் முடிவாயின. 2011-இல் மாணவர் போராட்டம் வெடித்தது. 2014-இல் நிறுவன வரியை உயர்த்தினார்கள். 2016-இல் வருமானத்தில் கீழ்ப்பாதியில் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி தொடங்கியது.

தேவை பார்த்துத் தருவதிலும் பள்ளங்கள் உண்டு

ஏழைக்கு மட்டும் என்று சொல்வது எளிது. யார் ஏழை என்று கோடு போட்டதும் கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே இருப்பவர் எல்லாவற்றையும் இழக்கிறார். வருமானம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி அமைத்தால் இந்தத் திடீர்ப் பள்ளம் சரியாகும்.

அப்புறம் படிவம். சான்றிதழ், கையெழுத்து, கடைசித் தேதி என்று ஏறிக்கொண்டே போனால், உதவி அதிகம் தேவைப்படும் வீட்டில்தான் அதை நிரப்ப ஆள் இருக்காது. அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். வரிப் படிவம் நிரப்ப வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் சிலருக்கு, கையில் இருந்த அதே வரி விவரங்களை வைத்துக் கல்லூரி உதவிக்கான படிவத்தையும் அங்கேயே நிரப்பித் தந்தார்கள். அந்த வீடுகளில் பள்ளி இறுதியில் இருந்த பிள்ளைகளில், பின்னர் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. உதவித்தொகை ஒரு டாலர்கூட ஏறவில்லை. சில நிமிட உதவிதான்.

படித்தபின் கட்டும் முறை

பட்டதாரியே பின்னால் கட்டட்டும் என்பது மூன்றாவது பாதை. ஆஸ்திரேலியா 1974-இல் கட்டணத்தை ஒழித்தது, 1989-இல் வேறு வடிவத்தில் திரும்பக் கொண்டுவந்தது. படிக்கும்போது கட்ட வேண்டாம், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரித்துறை வழியாகப் பிடித்துக்கொள்வார்கள். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். வங்கிக் கடனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். ஆனால் பாக்கித் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும். 2023-இல் ஒரே அடியாக 7.1 சதவீதம் ஏறியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. விலை உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அதைத்தான் சேர்க்க வேண்டும் என்று பிறகு சட்டத்தை மாற்றினார்கள்.

இங்கிலாந்தில் கட்டணம் 1998-இல் 1,000 பவுண்டில் தொடங்கி, 2006-இல் 3,000 ஆகி, 2012-இல் 9,000 ஆயிற்று. வரம்புக்கு மேலான வருமானத்தில் 9 சதவீதம் பிடிக்கிறார்கள். பார்க்க வளர்வீத வரி போல இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை.

1. வசதியான பெற்றோர் கட்டணத்தை முன்னாலேயே கட்டிவிட்டால் பிள்ளைக்கு அந்த 9 சதவீதமே கிடையாது.

2. பெரிய சம்பளக்காரர் சில ஆண்டுகளில் அடைத்துவிடுவார், வட்டி குறையும். நடுத்தரச் சம்பளத்தில் உள்ள செவிலியரோ ஆசிரியரோ பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டே இருப்பார். 2023-இல் படிப்பில் சேர்ந்தவர்கள் முதல், இப்படிக் கட்ட வேண்டிய அதிகபட்சக் காலம் 40 ஆண்டு.

3. 2016-இல் ஏழை மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்திக் கடனாக மாற்றினார்கள். அதனால் ஏழை வீட்டிலிருந்து வந்தவரே அதிகக் கடனோடு வெளியே வருகிறார்.

பின்னால் கட்டும் முறையை நான் முழுதாகத் தள்ளவில்லை. கூடுதல் சம்பளம் பெறுபவர் ஒரு பங்கைத் திருப்பித் தருவது நியாயமே. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கான மானியம் கூடவே இருந்தால்தான் அந்த நியாயம் ஏழைக்கும் பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத உதவித்தொகை

வரிச்சலுகையும் அரசுச் செலவுதான். வராத வரி என்பதால் பட்ஜெட்டில் அது கண்ணில் படுவதில்லை. இந்தியாவில் வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்க இடம் தந்தது. 100 ரூபாய் வட்டி கட்டியவர் 30 சதவீத வரிப்பிரிவில் இருந்தால் 30 ரூபாய் மிச்சம், 5 சதவீதத்தில் இருந்தால் 5 ரூபாய். வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. பணக்காரருக்கு அதிகம் என்று வெளிப்படையாக ஓர் உதவித்தொகை அறிவித்தால் ஊரே கொதிக்கும். அதுவே சலுகையாக வந்தால் யாரும் பேசுவதில்லை. இதற்கு மாற்று, வரி கட்டாதவருக்கும் பணமாகவே தருவது. அமெரிக்காவில் 2,500 டாலர் வரையிலான கல்வி வரிக்கழிவில், வரியே கட்டாதவரும் 1,000 டாலர் வரை பெறலாம்.

கல்விக்கென்று தனி வரி

"கல்விக்கு மட்டும்" என்று வசூலித்தால் மக்கள் மனமுவந்து கட்டுவார்கள் என்பது ஒரு நம்பிக்கை. இந்தியா 2004-இல் வரியின் மேல் 2 சதவீதம் கல்வி செஸ் என்ற கூடுதல் வரி போட்டது. 2007-இல் உயர்நிலை, உயர்கல்விக்கு இன்னொரு 1 சதவீதம் சேர்ந்தது. 2018-இல் வருமான வரியில் இரண்டும் சேர்ந்து 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் ஆயின. செஸ் பணத்தை மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை, ஆனால் கல்லூரிகளில் பெரும்பாலானவை மாநிலங்களின் பொறுப்பில் இருக்கின்றன. 2007 முதல் வசூலான அந்த 1 சதவீதத்துக்கான தனி நிதியத்துக்கு 2017-இல்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெயரில் கல்வி இருப்பதால் பணம் கல்விக்குப் போய்விடாது. புதுப் பணம் உள்ளே வரும்போது பழைய ஒதுக்கீட்டைச் சத்தமில்லாமல் குறைத்தால், மொத்தத்தில் எதுவும் கூடியிருக்காது.

கல்லூரிக்கே போகாத வீடுகள்

அந்த நான்கு ஏழைக் குடும்பங்களுக்கு வருவோம். அவர்கள் பிள்ளை மின்பணியோ வெல்டிங்கோ கற்க நினைத்தால், அதற்கும் பயிற்சிச் செலவு உண்டு, அந்த மாதங்களில் வருமானம் இல்லை. உதவித்தொகை பட்டப்படிப்புக்கு மட்டும் என்றால் அவர்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. வரியை எவ்வளவு சீர்செய்தாலும் இந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

ஜார்ஜியாவிலேயே இதற்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஹோப் திட்டத்தில் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் படிப்பவர்களுக்குத் தனி உதவி இருந்தது, அதில் சேரப் பள்ளி மதிப்பெண் பார்ப்பதில்லை. 2011-இல் லாட்டரிப் பணம் போதவில்லை என்று விதிகளை இறுக்கினார்கள். தொழிற்பயிற்சி மாணவரும் படிப்பில் 4-க்கு 3 என்ற தரச் சராசரியைத் தக்கவைத்தால்தான் உதவி தொடரும் என்றார்கள். பகலில் வேலை செய்து மாலையில் படிப்பவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், பள்ளியை விட்டுப் பல ஆண்டு கழித்து வந்தவர்கள் எனப் பலர் படிக்கும் இடம் அது. ஆயிரக்கணக்கானோர் உதவியை இழந்தார்கள். 2013-இல் வரம்பை மறுபடி 2-க்கு இறக்கினார்கள். லாட்டரிச் சீட்டு வாங்கி அந்த நிதியை நிரப்புகிற வீடுகளுக்கு, அந்த மாநிலத்தில் மிக அருகில் இருந்த உதவி இதுதான். பணம் குறைந்த ஆண்டில் முதலில் வெட்டு விழுந்த இடங்களில் அதுவும் ஒன்று.